பதிவேட்டில் பெயர், பந்தியில் இடம்: நெல்லைச் சீமையில் ‘சபையைச் சேர்ந்தவர்’ என்றால் யார்?

தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல், நெருங்கும்போதெல்லாம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் செய்திகளில் சில வரிகள் தவறாமல் வரும். வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டது, ஊரில் இல்லாதவரின் பெயர் சேர்க்கப்பட்டது, ஆட்சேபணை, வழக்கு, தடை உத்தரவு. படிக்கிற பிற சமயத்தார் திகைக்கிறார்கள். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருகிறவர்களுக்கு வாக்காளர் பட்டியல் எதற்கு? ஞாயிறுதோறும் ஆலயத்தில் உட்காருகிற இளைஞர்களில் பலருக்கும் இது புரிவதில்லை. ஞானஸ்நானம் ஆயிற்று, திடப்படுத்தலும் ஆயிற்று, பிறகு ஏன் என் பெயர் இல்லை என்று கேட்கிறார்கள்.

‘அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்’ என்ற ஒரே தொடரை நாம் மூன்று பொருளில் வழங்குவதுதான் குழப்பத்தின் வேர். பதிவேட்டில் பெயர் இருப்பவர் என்பது ஒன்று. அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தில் பங்கு பெறுகிறவர் என்பது இன்னொன்று. மற்ற சபையாரின் சுகதுக்கங்களில் பங்காளி என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளிடம் கூடியிருக்க வேண்டும் என்பதே சபையின் எண்ணம். நடப்பில் அவை தனித்தனியே பிரிந்து கிடக்கின்றன. செய்திக்கு வருவதெல்லாம் முதலாவதைப் பற்றிய சண்டை. சபை பிறந்ததோ மூன்றாவதிலிருந்து.

சொற்களிலிருந்து தொடங்கலாம்

1. சபை. நம் பேச்சில் ‘கோயில்’ என்பது கட்டடம். ‘சபை’ என்பது ஆட்கள். நெல்லைக் கிராமங்களில் ‘வேதக்கோயில்’ எங்கே என்று கேட்டால் கோபுரத்தைக் காட்டுவார்கள். ‘சபையார்’ என்றால் அதற்குள் கூடுகிறவர்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ‘எக்லேசியா’வும் கூட்டப்பட்ட மக்களைத்தான் குறிக்கிறது. கட்டடம் இடிந்தாலும் சபை இருக்கும். ஆட்கள் கலைந்துபோனால் கட்டடம் மட்டுமே மிஞ்சும்.

2. அங்கம். ‘அங்கத்தினர்’ என்ற சொல்லைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நூலகத்துக்கும் பயன்படுத்திப் பழகியதால் அதன் உள்பொருள் மங்கிப்போயிற்று. அங்கம் என்றால் கை, கால், கண். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது அதைத்தான்: சபை ஒரு சரீரம், நீங்கள் அதன் அவயவங்கள், ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும். இந்தப் பொருளில் அங்கத்துவம் என்பது கட்டணம் செலுத்திப் பெறுகிற உரிமைச்சீட்டாக இருக்க முடியாது. விரல் கைக்குச் சந்தா கட்டுவதில்லை.

3. அந்நியோந்நியம். முதல் சபை எப்படி இருந்தது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 2:42 நான்கு காரியங்களால் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இரண்டாவதற்குக் கிரேக்கத்தில் ‘கொய்னோனியா’ என்று பெயர். பொதுவாக வைத்துக்கொள்ளுதல், பங்காளியாக இருத்தல் என்று பொருள். அதே சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் மற்ற இடங்களில் ‘ஐக்கியம்’ என்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு இந்த வசனத்தில் ‘நட்புறவு’ என்கிறது. மூன்றில் எனக்கு அந்நியோந்நியமே பிடித்தமானது. கணவன் மனைவி ஒற்றுமையைச் சொல்ல வீடுகளில் புழங்குகிற சொல் அது. ஒருவர் நிலைமை மற்றவருக்கு முழுதும் தெரிந்திருக்கிற நெருக்கம் அதில் இருக்கிறது.

ஒருவர் அங்கத்தினர் ஆவது எப்படி?

நெல்லைச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியத் திருச்சபையினர், நாம் ‘சி.எஸ்.ஐ.’ என்கிறோம். அங்குள்ள படிகள் இவை:

1. ஞானஸ்நானம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்படுவது. குழந்தையாகப் பெற்றவர்களும் சபையின் அங்கத்தினர்களே. குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கிறார்கள். பெயர் முதன்முதலாகப் பதிவேட்டில் ஏறுவது இங்கேதான்.

2. திடப்படுத்தல். பிறர் தனக்காகக் கொடுத்த வாக்கை, விவரம் தெரிந்த வயதில், தானே சபைக்கு முன்பாக ஏற்றுக்கொள்வது. பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதற்கு முன் சேகரகுருவானவர் (பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் போதகர்) வகுப்பு நடத்துவார். விசுவாசப்பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தருடைய ஜெபம் இவையெல்லாம் மனப்பாடமாகும் காலம் அது.

3. திருவிருந்து. திடப்படுத்தல் பெற்றவர் நற்கருணையில் பங்கு பெறும் முழு அங்கத்தினர். நிர்வாகப் பொறுப்புக்கும் வாக்குரிமைக்கும் இதுவே அடிப்படை.

4. சங்கம். ‘இந்த வருசச் சங்கம் கட்டியாச்சா?’ என்று கேட்காத நெல்லைக் கிறிஸ்தவ வீடு குறைவு. சபையின் செலவுக்கும் ஊழியர் சம்பளத்துக்குமாக அங்கத்தினர் தரும் ஆண்டுக் காணிக்கைதான் சங்கம். அதன் ரசீது, தேர்தல் காலத்தில் சான்றாக எடுத்து வைக்கப்படுகிறது.

5. வாக்கு. வயது, திருவிருந்தில் பங்கு, சபைக்குத் தொடர்ந்து காணிக்கை கொடுத்தல் ஆகியவற்றைப் பார்த்து வாக்காளர் பட்டியல் தயாராகும். பல சபைகள் சேர்ந்தது சேகரம். சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம். சபையார் தேர்ந்தெடுக்கிறவர்கள் திருமண்டலப் பெருமன்றத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து செயற்குழு அமைகிறது.

முதல் மூன்று படிகளுக்கும் கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தால் செய்திகளின் பாதிக் குழப்பம் தீரும். முதல் மூன்றும் திருநியமங்களையும் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற புனிதச் சடங்குகள்) விசுவாசத்தையும் சார்ந்தவை. பின்னிரண்டும் நிர்வாக ஒழுங்கு. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர் கிறிஸ்தவர் இல்லாமல் ஆகிவிடவில்லை, சபையிலிருந்து நீக்கப்படவும் இல்லை. அந்தத் தேர்தலில் வாக்களிக்க இயலாது, அவ்வளவே. நீதிமன்றங்களுக்குப் போகிற வழக்குகளும் இந்த நிர்வாகத் தளத்தைப் பற்றியவைதான்.

அப்படியானால் இவ்வளவு சூடு ஏன்? திருமண்டலத்தின் கையில் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள் இருக்கின்றன. ஆசிரியர் நியமனத்திலும் நிர்வாகத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே பட்டியலில் உள்ள பெயருக்கு உலகத்தார் மதிக்கிற ஒரு விலை வந்துவிட்டது. இதை மறைத்துப் பேசுவதால் சபைக்கு நன்மை இல்லை.

கத்தோலிக்கத்தில் இதே பயணத்துக்கு வேறு பெயர்கள்: திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிப்பூசுதல். சேகரம் என்பது அங்கே பங்கு. பங்குக்குள் சில குடும்பங்கள் சேர்ந்து வீட்டில் கூடுகிற அமைப்புக்கு ‘அன்பியம்’ என்று அழகான பெயர். பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசத்தை அறிக்கையிட்டு, வளர்ந்த வயதில் தண்ணீரில் மூழ்கி எடுக்கிற ஞானஸ்நானமே வாசல்.

பதிவேடு கனத்துப்போன கதை

1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன. அவர்களில் முக்கியமானவர் கிளாரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்திப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த காலத்தில் அவர் கேட்டும் ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்தார் (குருவானவரை இங்கே ‘ஐயர்’ என்பது வழக்கம்). 1785-இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை இன்றும் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்கிறோம். சபைக்குள் வர ஆசைப்பட்டுப் பல ஆண்டுகள் வாசலில் நின்ற ஒரு பெண்ணால்தான் நெல்லைச் சபைக்கு முதல் கோயில் கிடைத்தது என்பதை, பட்டியல் தயாரிக்கிற ஒவ்வொரு குழுவும் நினைவில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த திருப்பம் சாத்தான்குளம் பக்கத்தில். விஜயராமபுரத்தைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் தன் உறவினரிடையே சுவிசேஷத்தைக் கொண்டுபோனார். வேதத்துக்கு வந்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக நிலம் வாங்கி 1799-இல் அவர் உண்டாக்கிய குடியிருப்புதான் முதலூர். கிறிஸ்தவர்களின் முதல் ஊர், அதனால் அந்தப் பெயர்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இந்த வழியையே ஒரு முறையாக ஆக்கினார். அடைக்கலம் தேடுகிறவர்களுக்கு நிலமும் வீடும் வாங்க 1830-இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் புதிய ஊர்கள் எழுந்தன. மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், டோனாவூர் என்று பெயர்களைப் பார்த்தாலே அவை யாரால், எதற்காக உண்டாயின என்று தெரியும்.

இதன் விளைவு மிகப் பெரியது. முதல் நூற்றாண்டுக் கொரிந்துவில் ஒருவர் சபையைச் சேர்ந்தவர் என்றால், ஊரில் பலரோடு வாழ்ந்து வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டில் கூடுகிறவர். நெல்லைச் சீமையின் கிறிஸ்தவ ஊரிலோ சபையே ஊர். குடியிருக்கிற மனை, பிள்ளை படிக்கிற பள்ளி, பனையேறிவிட்டு வருகிறவர் தன் குறையைச் சொல்கிற உபதேசியார் (குருவானவருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கும் ஊழியர்), பெண் எடுக்கிற வீடு, கடைசியில் அடக்கமாகிற கல்லறைத் தோட்டம் எல்லாம் ஒரே வேலிக்குள். அந்த வேலி அன்றைக்கு உயிரைக் காத்தது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனுக்கு ‘நீ எங்களவன்’ என்று சொல்ல ஓர் ஊர் கிடைத்தது. அந்நியோந்நியம் என்பது நிலமும் வீடுமாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் வேலிக்குள்ளேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. தாத்தா எதையெல்லாம் இழந்து உள்ளே வந்தாரோ, அது பேரனுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது. சபையைச் சேர்ந்திருப்பது தான் எடுக்கிற முடிவு என்பது மறைந்து, பிறப்பால் வாய்த்த ஊர்ப் பெயராயிற்று. இங்கிருந்துதான் பதிவேட்டின் கனம் கூடத் தொடங்குகிறது.

பிரிந்துபோனவர்கள் எழுப்பிய கேள்வி

1. 1835. உபதேசியார்களைக் குருக்களாக அபிஷேகம் செய்வது யார், ஆங்கிலத் திருச்சபையின் பேராயர்தானா, அவர்களோடு உழைத்த மிஷனெரியும் செய்யலாமா என்ற விவாதம் முற்றி, ரேனியஸ் தம் மிஷன் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். லுத்தரன் மரபில் வளர்ந்தவர் அவர். உபதேசியார்களும் சபைகளும் பெரும் எண்ணிக்கையில் அவர் பக்கம் நின்றன. 1838-இல் அவர் மறைந்த பிறகே பிளவு ஆறியது. சபையார் அன்று கேட்டது எளிய கேள்வி: எங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவரோடு எங்களுக்கு உறவா, எங்கேயோ இருக்கிற ஒரு சங்கத்தின் விதிகளோடா?

2. 1857. நாசரேத் பக்கத்தில் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனெரிகளின் ஆதிக்கத்தையும் தம் மக்களைப் பற்றி அவர்கள் எழுதியதையும் எதிர்த்து, இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். ஐரோப்பிய வழக்கங்களை நீக்கினார்கள். கிறிஸ்துவைச் சேர்ந்திருக்க வெள்ளைக்காரரின் சபையைச் சேர்ந்திருக்கத்தான் வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

3. 1947. இது எதிர்த் திசையில் நடந்தது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடியவர்கள் தொடங்கிய பேச்சு, செப்டம்பர் 27, 1947 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், கூடவே பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைக் கொண்ட தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்தன. யார் அபிஷேகம் செல்லும், யாருடையது செல்லாது என்று 1835-இல் நெல்லையைப் பிளந்த அதே கேள்விக்கு, இருபுறத்துக் குருத்துவத்தையும் ஏற்றுக்கொண்டு ஒரு வழி கண்டார்கள்.

தரங்கம்பாடிப் பேச்சில் முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவரிடம் பிறகு வருகிறேன்.

ஒரே கூரை, நடுவில் சுவர்

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் வரலாறு தெரியாமல் இந்தச் சீமையில் சபை ஐக்கியத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. 1872-இல் எழுந்த அந்தக் கத்தோலிக்க ஆலயத்துக்கு இரண்டு நீண்ட மண்டபங்கள். பீடத்தில் போய் இரண்டும் சேரும். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலியோர் மறுபக்கம். ஒரே பூசை, ஒரே குரு, ஒரே அப்பம். ஒருவரை ஒருவர் பார்க்காதபடி இடையே தடுப்பு. 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், ஆலயத்துக்குள் சாதிப்படி பிரிந்திருக்கும் உரிமை ஏற்கப்படவில்லை.

அந்த ஆலயத்தின் இரு பக்கத்தாரும் பதிவேட்டில் இருந்தவர்கள். இருவரும் நற்கருணை வாங்கியவர்கள். முதல் இரண்டு பொருளிலும் அவர்கள் ஒரே சபை. மூன்றாவது பொருளில் இரண்டு சபை. சுவரை இடிக்கச் சில நாள் போதும். கண்ணுக்குத் தெரியாத சுவர் எல்லாத் திருச்சபைகளிலும், சீர்திருத்தச் சபைகளிலும், திருமண ஓலை (யாருக்கும் யாருக்கும் மணம் என்ற அறிவிப்பு) வாசிக்கிற ஞாயிறுகளில் வெளிப்படுகிறது. சபைத் தேர்தலில் எந்தப் பக்கம் எத்தனை வாக்கு என்று கணக்குப் போடுகிறவர்கள் எந்தக் கோட்டை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான்.

பெயர் எழுதாமல் இருப்பவர்கள்

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் வருவார்கள், ஜெபிப்பார்கள், காணிக்கை போடுவார்கள். பதிவேட்டில் பெயர் இராது. அரசின் சான்றிதழில் வேறு மதம் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை ஏமாற்று என்று எளிதில் சொல்லிவிடுகிறார்கள். காரணத்தைப் புரிந்துகொள்ளச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை, பஞ்சாப் பகுதியின் சில சீக்கியச் சாதிகளைத் தவிர, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் மற்றச் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வைக்கப்படுகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது.

ஆகவே ஞானஸ்நானப் பதிவேடு இங்கே ஒரு சட்டச் சான்று. குடும்பத்தில் பட்டியல் சாதிச் சலுகையை நம்பிப் படிக்கிற பிள்ளை இருந்தால், பெயர் எழுதுவதற்கு முன் அந்தக் குடும்பம் கூட்டிக் கழித்துப் பார்க்கிற கணக்கு நமக்குத் தெரியாதது. மதம் மாறியதும் சாதி போய்விடும் என்று சட்டம் நினைக்கிறது. போகவில்லை என்பதற்கு வடக்கன்குளத்துச் சுவர் சாட்சி. அவர்களைப் பொய்யர் என்று சொல்லுமுன், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார நாம் தயாரா என்று சபை தன்னையே கேட்டுக்கொள்வது நியாயம்.

இரண்டு சபைக்காரர்கள்

காலையில் சி.எஸ்.ஐ. ஆராதனை, மாலையில் ஜெபவீடு என்று இருப்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். சில வீடுகளில் பெற்றோர் பழைய ஆலயத்தில், பிள்ளைகள் பெந்தெகொஸ்தேயில். ‘அங்கே போனால் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாங்க, இங்கே நான் வரலைன்னாகூட யாருக்கும் தெரியாது’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதே ஆள் சங்கத்தை மட்டும் பழைய சபையில் தவறாமல் கட்டுவார். பிள்ளையின் கல்யாணம் பெரிய கோயிலில் நடக்க வேண்டும். தான் இறந்தால் அப்பா பக்கத்தில் அடக்கமாக வேண்டும்.

சிக்கல் ஞானஸ்நானத்தில் முட்டிக்கொள்கிறது. குழந்தையாகப் பெற்றது செல்லாது என்று தாமிரபரணியில் மறுபடி முழுக்கு எடுக்கச் சொல்வார்கள். சி.எஸ்.ஐ. அதை ஏற்பதில்லை. ஞானஸ்நானம் தேவன் செய்வது, ஒருமுறைதான், திரும்பக் கொடுத்தால் முதலில் கொடுத்ததை மறுப்பதாகும் என்பது அதன் போதனை. அப்படிச் சென்றவரின் பெயர் பட்டியலில் இருக்கலாமா என்பது இதன் பிறகு எழும் தகராறு.

வெளியூரில் வேலை பார்ப்பவர்களின் நிலையும் இதற்கு அடுத்தது. சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருபது ஆண்டு இருக்கிறார். அங்கே ஒரு சபையில் வாராவாரம் பங்கு பெறுகிறார். பெயர் மட்டும் பண்டிகைக்கு வந்து போகிற சொந்த ஊரில். ஊர்ப் பாசம் குற்றமில்லை. ஆனால் அங்கம் என்ற சொல்லைப் பொருளோடு எடுத்துக்கொண்டால், அன்றாடம் எந்தச் சரீரத்தின் வலியை அவர் உணர்கிறாரோ அதுவே அவர் சபை. இடம் மாறுகிறவருக்குச் சேகரகுருவானவர் சான்றுக் கடிதம் கொடுக்கிற வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் குறைவு.

அசனம்

நெல்லைச் சீமைச் சபைகளில் மூன்றாவது பொருள் கண்ணுக்குத் தெரிகிற நாள் அசனப் பண்டிகை. பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டியோ அறுப்பின் பண்டிகையை ஒட்டியோ சபை முழுவதும் சேர்ந்து சாப்பிடுகிறது. முதல்நாள் இரவே அடுப்பு மூட்டி, அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் ஏறும். காய் நறுக்குகிறவர்களில் வங்கி மேலாளரும் இருப்பார், பனையேறியின் மகனும் இருப்பான். இலை போட்டு வரிசையாக உட்காருவார்கள். ஊரில் எந்த மதத்தார் வந்தாலும் இலை உண்டு. சேகரத்துக் கணக்கில் அசனத்துக்கு வீட்டுக்கு வீடு வரி உண்டு. கட்ட முடியாதவருக்கு இலை இல்லை என்று சொன்னால் அது அசனம் ஆகாது.

அசனம் திருவிருந்து அல்ல. ஆனால் ஆதிச் சபையில் இரண்டும் அருகருகே இருந்தன. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் உண்பது கர்த்தருடைய இராப்போஜனம் இல்லை என்று பவுல் கடிந்துகொண்டார். அப்பத்தின் மேல் சொன்ன ஜெபத்தில் பிழை இருந்ததாக அவர் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்காகக் காத்திராததுதான் பிழை.

கைப்பிடி அரிசியும் அந்த வரிசையில் வைக்க வேண்டியது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுச் சேர்த்து, சபைக்குக் கொண்டுவருவார்கள். பணம் புழங்காத வீட்டுப் பெண்கள் சபையைத் தாங்கிய முறை அது. அந்த அரிசிக்கு எந்தப் பட்டியலிலும் வாக்கு இருந்ததில்லை.

இப்போது அசரியாவுக்கு வருகிறேன். 1903-இல் அவரும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் 35 வயது அசரியா பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை மறுக்கவில்லை. உடைமையையும் உடலையும் கொடுத்திருக்கிறீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மண்டபத்தில் இருந்தவர்களில் பலருக்கு அது சுட்டது. ஒரே திருச்சபை, ஒரே ஞானஸ்நானம், ஒரே பாத்திரம் எல்லாம் இருந்தன. பங்களாவில் உட்கார நாற்காலியும் சேர்ந்து சாப்பிட மேசையும் இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பொது மொழிபெயர்ப்பு ‘நட்புறவு’ என்று எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே, கொய்னோனியாவுக்கு நெல்லைச் சீமையின் மகன் ஒருவர் கண்ட தமிழ் அது. 1912-இல் அவர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார்; ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர்.

பெயர் விடுபட்டால் செய்ய வேண்டியவை

1. ஞானஸ்நானம் பெற்ற சபையிலும் திடப்படுத்தல் பெற்ற சபையிலும் பதிவுகளின் நகல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நெல்லைத் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் 2003-இல் பிரிந்ததால், பழைய பதிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது.

2. சங்க ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் ரசீது போடுகிற வழக்கத்தால், வீட்டில் சம்பாதிக்கிற பெண்களின் பெயர் விடுபடுவதுண்டு. தனித்தனியே பெயர் எழுதச் சொல்லலாம்.

3. வரைவுப் பட்டியல் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதும் பார்த்து, கெடுவுக்குள் சேகரகுருவானவரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும்.

4. இடம் மாறியவர்கள் சான்றுக் கடிதத்தோடு இருக்கும் இடத்துச் சபையில் சேர வேண்டும்.

இவ்வளவும் முதல் பொருளுக்கு. பட்டியலோடு ஆலயத்துக்குப் போகிறவர்கள், அதிலே வாக்களிக்க வர முடியாதவர்கள் என்று குறிக்கப்பட்ட பெயர்களையும் பார்த்துவைக்கலாம். படுக்கையில் இருக்கிறவர்கள், கண் தெரியாதவர்கள், மகன் வீட்டுத் திண்ணையோடு முடங்கிப்போன கிழவிகள். மாதத்தில் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் ஐயர் சின்னப் பெட்டியில் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குப் போகிறார். உபதேசியார் கூடப் போவார். சபையார் இரண்டு பேராவது சேர்ந்து போய், அந்தக் கட்டிலின் பக்கத்தில் முழங்கால்படியிட்டு அதே அப்பத்தில் பங்கு பெற வேண்டும் என்பது முறை. ஐயர் அதற்கு ஆள் கேட்கும்போது கோயிலில் எத்தனை கை உயர்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.